ஸ்மார்ட்போன் கணினியுடன் இணையவில்லையா? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஸ்மார்ட்போனைக் கேபிள் மூலம் கணினியில் செருகிய பிறகும் அதிலுள்ள படங்களும் கோப்புகளும் திரையில் தெரியவில்லை என்றால், சிக்கல் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும்: கேபிளும் அது செருகப்படும் போர்ட்டும், போனில் நாம் தர வேண்டிய அனுமதி, கணினியிலுள்ள டிரைவர் (போனைக் கணினி அடையாளம் கண்டு பேச உதவும் சிறு மென்பொருள்), இணைப்பைத் தடுக்கும் ஏதேனும் ஒரு கட்டுப்பாடு. இந்த வரிசையிலேயே சோதித்துக்கொண்டு போவது நல்லது. கேபிளுக்குள் தரவு செல்லும் கம்பியே இல்லாதபோது டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் பயன் கிடைக்காது. போனில் அனுமதி தரப்படாதவரை புதிய கேபிள் வாங்குவதும் வீண்தான்.

போனை ஃபேக்டரி ரீசெட் செய்வது இந்த வழிகாட்டியின் எந்தப் படியிலும் இடம்பெறவில்லை. உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுப்பதற்காகவே பெரும்பாலானோர் போனைக் கணினியில் இணைக்கிறார்கள் என்னும்போது, அவற்றையே அழித்துவிடும் ஒரு செயலை யாரேனும் தீர்வாகச் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

படி 1: செருகியதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், போனின் திரைப்பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளைச் செருகி, மூன்றே மூன்று விஷயங்களைப் பாருங்கள். போன் சார்ஜ் ஆகத் தொடங்குகிறதா? கணினி, புதிய சாதனம் வந்ததற்கான ஒலியை எழுப்புகிறதா? போனின் திரையில் ஏதாவது அறிவிப்போ கேள்வியோ தோன்றுகிறதா?

சார்ஜும் ஆகவில்லை, ஒலியும் வரவில்லை என்றால் கேபிள், போர்ட் ஆகிய இரண்டில் ஒன்றில் பழுது இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஆகிறது, கணினி எந்த அசைவும் காட்டவில்லை என்றால் மின்சாரம் போகிறது, தரவு போகவில்லை என்று பொருள். இதுவும் பெரும்பாலும் கேபிள் விவகாரம்தான். ஒலி வருகிறது, ஆனால் கோப்புகள் தெரியவில்லை என்றால் கேபிள் சரியாக இருக்கிறது என்று தற்காலிகமாக எடுத்துக்கொண்டு நேராக மூன்றாம் படிக்குப் போகலாம். ஒலி வந்துவந்து நின்றால், அதாவது சாதனம் இணைவதும் துண்டிக்கப்படுவதுமாக இருந்தால், போர்ட்டில் தொடர்பு சரியாகப் பிடிக்கவில்லை.

படி 2: கேபிளும் போர்ட்டும்

யூஎஸ்பி 2.0 கேபிள் ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு என்பது வழக்கமான நிற ஒழுங்கு. பவர் பேங்க், மின்விசிறி, சிறு விளக்கு போன்ற பொருள்களுடன் வரும் கேபிள்கள் பலவற்றில் பச்சை, வெள்ளைக் கம்பிகளே இருப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது, போனும் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும். அதனால்தான் ‘சார்ஜ் ஆகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது’ என்னும் முடிவு பலரைத் தவறான திசையில் கொண்டுபோய் விடுகிறது. தரவுக் கம்பிகள் இருக்கும் கேபிளிலும், அடிக்கடி மடங்கும் முனைக்கு அருகே அந்தக் கம்பிகள் மட்டும் அறுந்துபோவதுண்டு.

கேபிளைச் சோதிக்க எளிய வழி, அதே கேபிளால் வேறொரு போனை அதே கணினியில் இணைத்துப் பார்ப்பதும், பிறகு அதே போனை வேறொரு கேபிளால் இணைத்துப் பார்ப்பதும்தான். ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்; கேபிளையும் போர்ட்டையும் சேர்த்தே மாற்றினால், எது காரணம் என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும். போனுடன் பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

அடுத்து கணினியின் போர்ட். யூஎஸ்பி ஹப், விசைப்பலகையில் இருக்கும் துளை, மானிட்டரின் பக்கவாட்டுத் துளை ஆகியவற்றை விட்டுவிட்டு, கணினியிலேயே நேரடியாகச் செருகுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்கத் துளைகள் ஒரு நீளமான உள் கேபிள் வழியாக மதர்போர்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் அவை நம்பகமானவை.

போனின் போர்ட்டில்தான் பலரும் பார்க்கத் தவறும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. சட்டைப்பையிலும் கைப்பையிலும் கிடக்கும் போனின் துளைக்குள் துணித்தூசு சேர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்தத் தூசு அடியில் அழுந்தி, நாளடைவில் கெட்டியான ஒரு படலமாகிவிடும். அப்போது கேபிள் முழு ஆழத்துக்கு உள்ளே போகாது. முனையின் உலோகப் பகுதி வெளியே சிறிது தெரிவதும், செருகும்போது ‘க்ளிக்’ என்று பிடிக்காமல் லேசாக ஆடுவதும் இதற்கான அடையாளங்கள். போனை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். மரப் பல்குச்சியின் நுனியால், ஓரச் சுவரை ஒட்டி மெதுவாகச் சுரண்டினால் தூசு திரியாக வெளியே வரும். டைப்-சி துளையின் நடுவே ஒரு மெல்லிய நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். தொடர்பு முனைகள் அதன் இரு பக்கங்களிலும் இருப்பதால் அதை நெம்பக் கூடாது. ஊசி, குண்டூசி, பேப்பர் கிளிப் எதையும் உள்ளே விடாதீர்கள். வாயால் ஊதுவதும் வேண்டாம், மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே படியும்.

டைப்-சி கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்து, திருப்பிச் செருகினால் வேலை செய்யவில்லை என்றால், ஒரு பக்கத்துத் தொடர்பு முனைகள் தேய்ந்துவிட்டன என்று அறியலாம். வேலை செய்யும் பக்கமாகவே செருகி, முக்கியமான கோப்புகளை உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டில் ஈரம் இருப்பதாகப் போன் எச்சரிக்கை காட்டினால், அது உலரும்வரை எதையும் செருகாமல் காத்திருப்பதுதான் வழி.

படி 3: ஆண்ட்ராய்டு போனில் தர வேண்டிய அனுமதி

2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், போனைக் கணினியில் செருகினால் அது இயல்பாகச் சார்ஜ் மட்டுமே ஆகும். கோப்புகளைக் காட்ட வேண்டுமானால் நாம் கையால் அனுமதி தர வேண்டும். இது தொல்லையாகத் தோன்றினாலும் நல்ல ஏற்பாடுதான். பொது இடத்திலுள்ள ஏதோ ஒரு துளையில் சார்ஜுக்காகச் செருகும் போன், தன் உள்ளடக்கத்தை யாருக்கோ திறந்து காட்டிவிடாமல் இது தடுக்கிறது.

திரைப்பூட்டைத் திறந்து, மேலிருந்து கீழே இழுத்து அறிவிப்புகளைப் பாருங்கள். யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்; சில போன்களில் இதனுடன் ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’ என்றும் சேர்ந்திருக்கும். அறிவிப்பு தெரியவில்லை என்றால், அமைப்புகளைத் திறந்து, தேடல் பெட்டியில் யூஎஸ்பி என்று தட்டச்சு செய்தால் அதே பக்கம் கிடைக்கும். அந்தப் பக்கத்திலுள்ள தெரிவுகள் எல்லாம் மங்கலாக, தொட முடியாதபடி இருந்தால், எதிரில் ஒரு கணினி இருப்பதையே போன் உணரவில்லை. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

இரு முனையிலும் டைப்-சி இருக்கும் கேபிளால் மடிக்கணினியை இணைக்கும்போது வேறொரு குழப்பமும் நேரலாம். இணைப்பை யார் நடத்துவது, கணினியா போனா என்பதை இரண்டு சாதனங்களும் தமக்குள் முடிவு செய்துகொள்ளும். சில வேளைகளில் அது தலைகீழாகி, போன் மடிக்கணினிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். மேலே சொன்ன யூஎஸ்பி பக்கத்தில், இணைப்பைக் கட்டுப்படுத்துவது இந்தச் சாதனமா, இணைக்கப்பட்ட சாதனமா என்று ஒரு தெரிவு இருந்தால், ‘இணைக்கப்பட்ட சாதனம்’ என்று மாற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் அனுமதி தருவது சலிப்பாக இருந்தால், நிரந்தரமாகவும் அமைக்கலாம். அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்திலுள்ள ‘பில்டு நம்பர்’ என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் இயல்பான யூஎஸ்பி அமைப்பு என்னும் இடத்தில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று வைத்துவிட்டால், திரைப்பூட்டைத் திறந்தவுடன் கோப்புகள் தெரியும். வேறு எதையும் அங்கே மாற்ற வேண்டாம். குறிப்பாக, கோப்புகளை நகலெடுக்க ‘யூஎஸ்பி டீபக்கிங்’ (செயலி உருவாக்குபவர்களுக்கான வசதி) தேவையில்லை, பாதுகாப்பு கருதி அது அணைந்தே இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கணினியில் போனின் பெயர் மட்டும் தெரிந்து, திறந்தால் வெறுமையாக இருக்கிறதா? திரை பூட்டிய நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலுவலகம் கொடுத்த போன் அல்லது அலுவலகக் கணக்கு நிறுவப்பட்ட போன் என்றால், கோப்புப் பரிமாற்றத்தை நிர்வாகியே முடக்கி வைத்திருக்கலாம். அதை நாமாக நீக்க முயலாமல், அலுவலகத்தின் கணினிப் பிரிவைக் கேட்பதே முறை.

படி 4: ஐபோனில் தர வேண்டிய அனுமதி

ஐபோனை முதன்முறை ஒரு கணினியில் இணைக்கும்போது, ‘இந்தக் கணினியை நம்பலாமா’ என்னும் கேள்வி திரையில் வரும். நம்பலாம் என்பதைத் தொட்டு, கடவுக்குறியீட்டையும் உள்ளிட்ட பிறகுதான் தரவு பரிமாறப்படும். கேள்வியே வராவிட்டால் கேபிளை எடுத்துவிட்டு, போனைத் திறந்த நிலையில் மீண்டும் செருகுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், அமைப்புகளில் ‘ஜெனரல்’ பகுதியின் கடைசியிலுள்ள ரீசெட் பக்கத்துக்குச் சென்று, ‘ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இது படங்களையோ கோப்புகளையோ அழிக்காது. நீங்கள் நம்பிய கணினிகளின் பட்டியலை நீக்கும், செயலிகள் இருப்பிட அனுமதி போன்றவற்றை மறுபடியும் கேட்கும், அவ்வளவுதான். அதே பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவும் இருப்பதால் நிதானமாகப் படித்துத் தொடுங்கள்.

2018-இல் வந்த ஐஓஎஸ் 11.4.1 முதல் இன்னொரு காவலும் சேர்ந்தது: போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் பூட்டியே இருந்தால், கேபிள் வழியான தரவுத் தொடர்பு அடைக்கப்பட்டுவிடும். எனவே செருகும் நேரத்தில் போன் திறந்திருப்பது ஐபோனில் மிக முக்கியம்.

விண்டோஸ் கணினியில் ஐபோனை முழுமையாக இணைக்க, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ‘ஆப்பிள் டிவைசஸ்’ செயலி அல்லது ஐடியூன்ஸ் வேண்டும். தேவையான டிரைவர் அதனுடனேயே வந்துவிடும். கோப்புலாவியில் திறந்தால் கேமராப் படங்களும் காணொளிகளும் மட்டுமே தெரியும் என்பதையும் அறிந்திருங்கள். மற்றக் கோப்புகள் தெரியாதது பழுதல்ல, ஐபோனின் அமைப்பே அப்படி. மேக் கணினியில் 2019-இல் வந்த கேட்டலினா முதல் ஐடியூன்ஸ் இல்லை, போனின் பெயர் ஃபைண்டரின் (மேக்கின் கோப்புலாவி) பக்கப்பட்டியில் வரும். வராவிட்டால் ஃபைண்டரின் அமைப்புகளில் பக்கப்பட்டிப் பகுதிக்குச் சென்று, ஐஓஎஸ் சாதனங்களைக் காட்டும் தெரிவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக் மடிக்கணினிகளில், 2022-இல் வந்த வென்ச்சுரா முதல், புதிய துணைச்சாதனத்தை அனுமதிக்கலாமா என்று கணினியும் கேட்கும். அந்தக் கேள்வியைக் கவனிக்காமல் மூடிவிட்டால் போன் சார்ஜ் மட்டும் ஆகும்.

படங்களை விண்டோஸுக்கு நகலெடுக்கும்போது பாதியில் பிழை வந்து நின்றால், ஐபோனின் அமைப்புகளில் ‘போட்டோஸ்’ பகுதியின் அடியில், மேக் அல்லது பிசிக்கு மாற்றுவது குறித்த தெரிவை ‘ஆட்டோமேட்டிக்’ என்பதிலிருந்து ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று மாற்றுங்கள். முதல் தெரிவில் ஒவ்வொரு படத்தையும் போன் அந்த நேரத்திலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியிருப்பதால், வேலை இடையில் முறிந்துபோகிறது.

படி 5: விண்டோஸில் டிரைவர்

முதலில் கணினியையும் போனையும் மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸில் ‘ஷட் டவுன்’ செய்து மீண்டும் இயக்குவதும் ‘ரீஸ்டார்ட்’ செய்வதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப எடுக்கப்படுகின்றன. சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கிய நிலையிலேயே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

அதன் பிறகும் சரியாகவில்லை என்றால், ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு, போனைச் செருகுவதும் எடுப்பதுமாக இருங்கள். செருகும்போது தோன்றி, எடுக்கும்போது மறையும் வரிதான் உங்கள் போன். அது ‘போர்ட்டபிள் டிவைசஸ்’ என்பதன் கீழ் ஒழுங்காக இருந்தால் டிரைவரில் குறையில்லை. மஞ்சள் எச்சரிக்கைக் குறியுடன் இருந்தால், அந்த வரியின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறந்து எண்ணைப் பாருங்கள். ‘கோட் (Code) 28’ என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. ‘கோட் 43’, அதனுடன் ‘டிவைஸ் டிஸ்க்ரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்’ என்னும் வரி என்றால், போன் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் தகவலைக் கணினியால் பெற முடியவில்லை. இதற்கு டிரைவரைவிடக் கேபிளும் போர்ட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அங்கேயே திரும்பித் தேடுங்கள்.

டிரைவர்தான் குறை என்று தெரிந்தால், அந்த வரியின் மேல் வலது கிளிக் செய்து ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து, போனை எடுத்துவிட்டு மறுபடியும் செருகுங்கள். விண்டோஸ் தானே புதிதாக நிறுவும். அது பலிக்காவிட்டால் ‘அப்டேட் டிரைவர்’ சென்று, தானாகத் தேடுவதை விடுத்துக் கணினியிலேயே உள்ள பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியில் போய், ‘எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புகளைப் பரிமாறும் எம்டிபி நெறிமுறைக்கான டிரைவர் விண்டோஸுடனேயே வருகிறது. விதிவிலக்கு ஒன்றுண்டு: விண்டோஸின் ‘என்’ பதிப்பில் ஊடகக் கூறுகள் நீக்கப்பட்டிருப்பதால் எம்டிபி இயங்காது. அமைப்புகளில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ சென்று ‘மீடியா ஃபீச்சர் பேக்’ சேர்த்தால் அது சரியாகிவிடும்.

சிறிது நேரம் வேலை செய்து பிறகு துண்டித்துக்கொள்ளும் போனுக்கு, டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ வரிகளின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்னும் குறியை நீக்கிப் பார்க்கலாம். எல்லா டிரைவர்களையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை மட்டும் நிறுவாதீர்கள். இந்தச் சிக்கலுக்கு அவை தேவையே இல்லை. பொருந்தாத டிரைவரைப் போட்டு வேறு சிக்கலை உண்டாக்கும் வாய்ப்பு அவற்றில் இருக்கிறது.

மேக்கிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு போன்

மேக் இயங்குதளம் எம்டிபியைத் தானாகப் புரிந்துகொள்ளாது. ஆகவே ஆண்ட்ராய்டு போனை மேக்கில் செருகினால் ஃபைண்டரில் எதுவும் வராதது இயல்பே. ஓபன்எம்டிபி போன்ற இலவசச் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும். இத்தகைய செயலிகளில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போனைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதால், இரண்டு செயலிகளைத் திறந்து வைத்திருந்தால் ஒன்று தோற்கும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) கட்டளையைக் கொடுத்தால் போதும். போனின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால் கேபிளில் குறையில்லை. பிறகு அனுமதியைப் பாருங்கள்.

இணைகிறது, ஆனால் கோப்பைக் காணோம்

பென் டிரைவைப் போலப் போனின் சேமிப்பகத்தைக் கணினி நேரடியாகப் படிப்பதில்லை. எம்டிபியில் கணினி கேட்கிறது, போன் தன்னிடமுள்ள பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்கிறது. அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், சற்று முன்பு சேமித்த கோப்பு போனில் இருந்தும் கணினியில் தெரியாது. போனை ஒரு முறை மறுதொடக்கம் செய்தால் பட்டியல் புதிதாக உருவாகும்.

படங்கள் பாதிதான் தெரிகின்றன என்றால், மீதி போனில் இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஐகிளவுடில் சேமிப்பகத்தைச் சிக்கனப்படுத்தும் தெரிவு இயங்கினாலும், கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் வசதியைப் பயன்படுத்தியிருந்தாலும், மூலப் படங்கள் இணையச் சேமிப்பகத்தில் மட்டுமே இருக்கும். கேபிள் வழியாக அவற்றை எடுக்க முடியாது, அந்தந்தச் சேவையின் இணையதளத்திலிருந்து பதிவிறக்க வேண்டும்.

பெரிய அளவில் நகலெடுக்கும்போது நின்றுபோகிறதா? கோப்புறைகளைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து எடுங்கள், அது முடியும்வரை போனைத் தொடாமல் திரையைத் திறந்தே வையுங்கள். மெமரி கார்டுக்கு ஒரு காணொளியை அனுப்பும்போது மட்டும் பிழை வந்தால் கார்டின் வடிவமைப்பைப் பாருங்கள். எஃப்ஏடி32 முறையில் வடிவமைக்கப்பட்ட கார்டில் 4 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பு நுழையாது.

கேபிளே வேண்டாம் என்னும் நிலையில்

மேலே சொன்னவை எதுவும் பலிக்கவில்லை, கோப்புகள் இன்றே வேண்டும் என்றால், வைஃபை வழியாக எடுத்துவிட்டுப் பழுதைப் பிறகு பார்க்கலாம். ஆண்ட்ராய்டுக்கும் விண்டோஸுக்கும் ‘க்விக் ஷேர்’, ஐபோனுக்கும் மேக்குக்கும் ‘ஏர்டிராப்’, எந்த இணையாக இருந்தாலும் ‘லோக்கல்சென்ட்’ என்று வழிகள் உண்டு. லோக்கல்சென்ட் போன்றவற்றில் இரண்டு சாதனங்களும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று காணவில்லை என்றால், விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறீர்களா, விபிஎன் இயங்குகிறதா, விண்டோஸில் அந்த வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். விருந்தினர் வைஃபை, சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடியே அமைக்கப்படுவது வழக்கம்.

திரை உடைந்து தொடுதல் வேலை செய்யாததால் அனுமதி தர முடியவில்லை என்பது வேறு வகை. திரையில் காட்சி தெரிகிறது, போர்ட்டும் நன்றாக இருக்கிறது என்றால், சிறு ஓடிஜி இணைப்பான் (யூஎஸ்பி சாதனங்களைப் போனில் செருக உதவுவது) மூலம் யூஎஸ்பி மவுஸ் ஒன்றை ஆண்ட்ராய்டு போனில் செருகினால் திரையில் அம்புக்குறி வரும். அதைக் கொண்டு பூட்டைத் திறந்து, வைஃபை வழியாகக் கோப்புகளை அனுப்பிவிடலாம்.

வேறு கேபிள், வேறு கணினி இரண்டிலும் போன் சார்ஜ்கூட ஆகாமல் இருந்தால் போனின் போர்ட்டே பழுதாகியிருக்கிறது. பல போன்களில் இந்த போர்ட் ஒரு தனிச் சிறு பலகையில் இருப்பதால், சேமிப்பகத்தைத் தொடாமலேயே அதை மட்டும் மாற்ற முடியும். பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, தரவு அழிக்கப்படக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லி, அவர்கள் எழுதும் ரசீதில் அதைக் குறிக்கச் செய்யுங்கள். பேட்டரியில் இன்னும் சார்ஜ் மீதமிருந்தால், அல்லது போனுக்கு வயர்லெஸ் சார்ஜிங் வசதி இருந்தால், வைஃபை வழியாக எல்லாவற்றையும் நகலெடுத்து, கணினியில் அவை திறக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்ட பிறகே போனைக் கையிலிருந்து கொடுங்கள்.